தேனீயும் மண்பானையும் நம்ம ஊரைக் குளிர்விக்குமா?



"தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை" என்று நம்ம வேலூர்ப் பக்கத்தைக் கேலி பேசுவார்கள். நம்ம ஊர்ச் சூட்டுக்கும் அதுவே ஒரு காரணம். பாறையும் காங்கிரீட் மாடியும் தார் ரோடும் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்து, ராத்திரியில் கக்குகின்றன. ஏ.சி. போட்டால் அறை குளிரும். ஆனால் அறையின் சூடு தெருவுக்குத்தானே வருகிறது?

தேனீக்கள் என்ன செய்கின்றன தெரியுமா? கூடு சூடானால் தண்ணீர்த் துளிகளைக் கொண்டுவந்து உள்ளே பரப்பி, இறக்கையால் விசிறுகின்றன. 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் கூட்டிலிருந்து போய்விடுகிறது. நம் வீட்டு மண்பானையும் இதே வேலையைத்தான் செய்கிறது. நுண்துளைகள் வழியாகக் கசியும் தண்ணீர் ஆவியாவதால் உள்ளே இருப்பது சில்லென்று ஆகிறது.

டெல்லியை அடுத்த நொய்டாவில் ஒரு தொழிற்சாலையில் இதைப் பெரிதாகவே செய்தார்கள். மோனிஷ் சிரிபுரப்புவின் 'ஆன்ட் ஸ்டுடியோ' என்ற கட்டடக்கலை நிறுவனம், தேன்கூடு போல நூற்றுக்கணக்கான சுட்டமண் கூம்புகளை அடுக்கி, மேலே தண்ணீரை வழியவிட்டது. ஜெனரேட்டரின் அனல்காற்று அவற்றுக்குள் புகுந்து, தணிந்து வெளியே வந்தது. 2017-ல் இது பல நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது.

சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் அதிகம். தண்ணீர் லேசில் ஆவியாகாது. நம்ம ஊர் கோடைக் காற்று வறண்டது. அப்போ இங்கே நன்றாக வேலை செய்யுமே! எங்க ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஆயா சிரித்துக்கொண்டே மூலையில் கிடந்த பானையைக் காட்டினார். வெளியெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. "போர் தண்ணி ஊத்தினேன்டா. உப்பு பூத்துப்போச்சு. இனிமே இது சில்லுனு வைக்காது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அது துளைகளை அடைத்துவிடும்.

நம் நிலத்தடி நீர் கெட்டதற்குத் தோல் கழிவும் ஒரு காரணம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுகிறார்கள். கழுவும்போது அது தண்ணீரோடு போகிறது. பாலாறு கெடுவதைப் பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்மில் பலர் வீட்டில் அடுப்பு எரிவது தோலாலும் ஷூவாலும்தான். ஆனால் கழுவும் முன்பே உப்பை உதறி எடுக்கும் முறை இருக்கிறது. அதை எல்லா இடத்திலும் ஒழுங்காகச் செய்யலாமே? ஆற்றைக் காப்பாற்றினால்தான் பானை நம்மைக் காப்பாற்றும்.

கடைசியாக ஒரு யோசனை. இரண்டு புதுப் பானை வாங்குவோம். ஒன்றில் மழைநீர், இன்னொன்றில் போர் தண்ணீர். ஆய்வக வெப்பமானியால் தினமும் மதியம் அளந்து, ஒரு மாதம் கழித்து முடிவை இதே சுவரில் ஒட்டுவோம். யார் யார் வர்றீங்க?