பூமிக்கடியில் இருக்கும் எண்ணெய்க்கு ஹால்மார்க் போடுவது யார்?

தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு கிராம் தங்கக் காசு வாங்கினாலும், ஹால்மார்க் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். தங்கமாவது கையில் இருக்கிறது; உரசிப் பார்க்கலாம், எடை போடலாம். பல ஆயிரம் அடி ஆழத்தில், பாறையின் நுண்துளைகளுக்குள் இருக்கும் கச்சா எண்ணெயை யார் உரசிப் பார்ப்பது? `எங்கள் வயலில் இத்தனை கோடி பீப்பாய் இருக்கிறது' என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதை நம்பிப் பங்கு வாங்குபவருக்கு என்ன உத்தரவாதம்?

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் விதிகள் ஒரு பக்கம் இருக்கின்றன. இன்னொரு பக்கம், வெளியே அதிகம் பேசப்படாத சில சங்கங்கள் இருக்கின்றன. பெட்ரோலியத் துறையின் நிலவியலாளர்கள், புவி இயற்பியலாளர்கள், பொறியாளர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட தொழில்முறைச் சங்கங்கள் அவை.

பந்திக்கு எத்தனை இலை?

கல்யாண வீட்டில் சமையல்காரர் கேட்கும் முதல் கேள்வி, `எத்தனை பேர்?' என்பதுதான். அனுபவமுள்ள பெரியவர் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டார். `400 பேர் நிச்சயம். 600 வரலாம். அழைத்தவர்கள் எல்லோரும் வந்தால் 800' என்பார்.

எண்ணெய்க் கணக்கும் இதே மாதிரிதான். குறைந்தது இவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 90 சதவிகித வாய்ப்பு இருந்தால், அது நிரூபிக்கப்பட்ட கையிருப்பு. 50 சதவிகித வாய்ப்புள்ள அளவு ஒரு எண். 10 சதவிகித வாய்ப்பு மட்டுமே உள்ள அளவு இன்னொரு எண். மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். லாபகரமாக எடுக்க முடிந்தால்தான் அதற்குக் `கையிருப்பு' என்று பெயர். பூமிக்குள் இருக்கிறது, ஆனால் எடுப்பது கட்டுப்படியாகாது என்றால் அது வேறு பட்டியலுக்குப் போய்விடும்.

இந்த இலக்கணத்துக்குப் பெயர் பி.ஆர்.எம்.எஸ். பெட்ரோலியப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.பி.இ, அமெரிக்கப் பெட்ரோலிய நிலவியலாளர்கள் சங்கமான ஏ.ஏ.பி.ஜி, உலகப் பெட்ரோலிய கவுன்சில், பெட்ரோலிய மதிப்பீட்டுப் பொறியாளர்கள் சங்கம் ஆகியவை சேர்ந்து 2007-ம் ஆண்டு இதை வெளியிட்டன. 2018-ல் திருத்திய வடிவம் வந்தது. நம் ஓ.என்.ஜி.சி-யும் இப்போது இந்த முறையைப் பின்பற்றுகிறது. சங்கம் நேரில் வந்து முத்திரை குத்துவதில்லை. ஆனால், எல்லோரும் ஒரே அளவுகோலைப் பிடிக்க வழிசெய்கிறது.

கணக்கு தப்பினால் என்ன ஆகும்?

2004-ம் ஆண்டு ஜனவரியில் உலகமே பார்த்தது. தன் நிரூபிக்கப்பட்ட கையிருப்பில் சுமார் 390 கோடி பீப்பாய்கள் அந்தக் கணக்கில் சேரவே கூடாதவை என்று ஷெல் நிறுவனம் அறிவித்தது. மொத்தக் கையிருப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. எண்ணெய் எங்கும் ஓடிவிடவில்லை. காகிதத்தில் போட்ட கணக்குதான் தவறு. பங்கு விலை சரிந்தது. மார்ச் மாதம் நிறுவனத் தலைவர் பிலிப் வாட்ஸ் பதவி விலகினார். அமெரிக்காவில் 12 கோடி டாலர், பிரிட்டனில் 1.7 கோடி பவுண்டு என அபராதம் விழுந்தது. கையிருப்புக் கணக்கை எழுதும் பொறியாளரின் பேனாவுக்கு எவ்வளவு கனம் என்பது அன்று புரிந்தது.

சங்கங்கள் பிறந்த கதை

ஏ.ஏ.பி.ஜி 1917-ல் அமெரிக்காவின் டல்சா நகரில் தொடங்கியது. நில அதிர்வு அலைகளை அனுப்பிப் பூமியின் உட்புறத்தைப் `படம்' பிடிக்கும் புவி இயற்பியலாளர்கள், 1930-ல் ஹூஸ்டனில் தனிச் சங்கம் கண்டனர். எஸ்.பி.இ 1957-ல் உருவானது. இந்தியாவில் பெட்ரோலிய நிலவியலாளர்களுக்கும் புவி இயற்பியலாளர்களுக்கும் உள்ள சங்கங்கள் டேராடூனை மையமாகக் கொண்டு இயங்குகின்றன.

எஸ்.பி.இ தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டுமே. அது தன்னார்வப் பணி. 2012-ல் அந்த நாற்காலியில் அமர்ந்த கணேஷ் தாக்கூர், தன்பாத் இந்தியச் சுரங்கப் பள்ளியில் படித்தவர். பெண்கள் அந்த இடத்துக்கு வர ரொம்பக் காலம் பிடித்தது. எஸ்.பி.இ-யின் முதல் பெண் தலைவர் டீஆன் கிரெய்க், 1998-ல். ஏ.ஏ.பி.ஜி-யில் ராபி கிரீஸ், 2001-ல். அதாவது சங்கம் தொடங்கி 84 ஆண்டுகளுக்குப் பிறகு!

தலைமை சறுக்கிய நேரமும் உண்டு. உலக வெப்பமயமாதலைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு நாவலை எழுதிய மைக்கேல் கிரைட்டனுக்கு, 2006-ல் ஏ.ஏ.பி.ஜி தன் `இதழியல்' விருதைக் கொடுத்தது. கற்பனைக் கதைக்கு இதழியல் விருதா என்று விஞ்ஞானிகள் கொதித்தனர். காலநிலை பற்றிய சங்கத்தின் நிலைப்பாடு பிடிக்காமல் சொந்த உறுப்பினர்களே விலகத் தொடங்கினர். 2007-ல் சங்கம் தன் அறிக்கையை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. ஆதாரத்தின் பக்கம் நிற்கும் வரைதான் இத்தகைய சங்கத்தின் சொல்லுக்கு மதிப்பு.

மயிலாப்பூர் தந்த பாடநூல்

இந்தியாவின் நிலவியல் தலைமையில் ஒரு தஞ்சாவூர்க்காரருக்குப் பெரிய இடம் உண்டு. எம்.எஸ்.கிருஷ்ணன், 1898-ல் தஞ்சை மாவட்டம் மகாராஜபுரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் படித்து, லண்டனில் முனைவர் பட்டம் வாங்கினார். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851-ல் தொடங்கியது. அதன் தலைமைக்கு ஓர் இந்தியர் வர சரியாக 100 ஆண்டுகள் ஆயின. 1951-ல் அங்கே அமர்ந்தவர் கிருஷ்ணன்தான்.

1943-ல் வெளிவந்த அவருடைய `ஜியாலஜி ஆஃப் இந்தியா அண்ட் பர்மா' பல பதிப்புகள் கண்டது; நிலவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த நூல். முதல் பதிப்பை வெளியிட்டது, வக்கீல்களின் பேட்டையான மயிலாப்பூரில் இயங்கிய மெட்ராஸ் லா ஜர்னல். தீர்ப்புகள் அச்சான இடத்திலிருந்து பாறைகளைப் பற்றிய புத்தகமும் வந்தது! ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த கிருஷ்ணன், 1963-ல் உருவான இந்தியப் புவி இயற்பியல் ஒன்றியத்துக்கும் தலைமை ஏற்றார். அந்த ஒன்றியம் அவர் பெயரில் பதக்கம் வழங்குகிறது.

டெல்டா கேட்கும் கேள்வி

கிருஷ்ணன் பிறந்த அதே காவிரிப் படுகையில் 1964-ல் காரைக்காலில் முதல் ஆழ்துளைக் கிணறு தோண்டப்பட்டது. நரிமணம், கோவில்களப்பால், குத்தாலம் என எண்ணெய், எரிவாயு வயல்கள் வந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராட்டக் களங்களாயின. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது.

அந்த நாள்களில் ஹைட்ரோகார்பன், மீத்தேன், ஷேல் என்ற சொற்கள் டீக்கடை பெஞ்ச் வரை வந்துவிட்டன. மூன்றும் ஒன்றா, வேறா? நிலத்தடி நீரைத் தாண்டிக் குழாய் இறங்கும்போது எத்தனை அடுக்கு இரும்பும் சிமென்டும் காப்பாக இருக்க வேண்டும்? குழாய் கசிந்தால் வயலுக்கு யார் பொறுப்பு? விவசாயி கேட்டது தமிழில். இந்தத் துறையின் ஆய்விதழ்களும் மாநாடுகளும் பேசுவது ஆங்கிலத்தில். மக்களின் பாதுகாப்பும் நலனும்தான் பொறியாளருக்கு முதல் கடமை என்பது இந்தத் தொழிலின் நடத்தை விதி. அந்த மக்களுக்குப் புரியும் மொழியில் பேசாமல் அந்தக் கடமை எப்படி நிறைவேறும்?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு...

அடையாறு பக்கம் இருக்கும் ஐ.ஐ.டி மெட்ராஸில், கடல்சார் பொறியியல் துறையில் பெட்ரோலியப் பொறியியல் கற்பிக்கிறார்கள். எஸ்.பி.இ போன்ற சங்கங்களில் மாணவர்களும் உறுப்பினராகலாம். பல கல்லூரிகளில் மாணவர் கிளைகள் இருக்கின்றன. பணியில் இருக்கும் நிபுணர்களின் உரைகள், ஆய்வுக் கட்டுரைப் போட்டிகள், துறை அறிமுகம் எல்லாம் அங்கே கிடைக்கும். எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டா என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. பூமியின் உட்புறத்தைப் படிக்கும் இதே திறமை புவிவெப்ப மின்சாரத்துக்கும், கார்பன் டை ஆக்ஸைடைப் பாறைக்குள் புதைத்துவைக்கும் திட்டங்களுக்கும் தேவைப்படுகிறது.

சேருகிற பிள்ளைகள் முதல் வேலையாக ஒன்றைச் செய்யலாம். கல்லூரிக் கிளையின் வருடாந்தர நிகழ்ச்சிப் பட்டியலில் ஓர் உரையைத் தமிழில் வைக்கச் சொல்லுங்கள். அதைத் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ வைக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்க அங்கே ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.