சத்தியப் பிரமாணமும் டி வலெராவும்

சொல்லெல்லாம் பொருளுடையன என்பது தொல்காப்பியர் துணிபு. அத்துணிபை நெடுங்காலம் மாணவர்க்கு உரைத்துவரும் எனக்கு, அயர்லாந்துத் தலைவர் ஈமன் டி வலெராவின் வரலாறு அரியதொரு வினாவை எழுப்புகின்றது. ஒரு பிரமாணத்தில் அமைந்த சில சொற்களை ஏற்க மறுத்து அவர் தம் தோழரைப் பிரிந்தார். ஐந்தாண்டின் பின் அச்சொற்கள் வெறுஞ் சடங்கே எனக் கூறிப் பாராளுமன்றம் புகுந்தார். இவ்விரண்டனுள் எது தக்கது?

1882 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில், ஸ்பானியத் தந்தைக்கும் அயர்லாந்துத் தாய்க்கும் பிறந்தவர் அவர். இரண்டு வயதில் அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு, தாய்வழிப் பாட்டியின் ஆதரவில் வளர்ந்து, கணித ஆசிரியரானார். 1908 இல் கேலிய மொழிக் கழகத்தைச் சார்ந்து, ஆங்கிலத்தால் ஒடுங்கியிருந்த நாட்டு மொழியைக் கற்றார். கற்பித்த சினேட் அம்மையாரையே 1910 இல் மணந்தார். மொழிப்பற்று அவரை நாட்டுப் பணிக்கு ஆற்றுப்படுத்திற்று.

1916 இல் டப்ளினில் எழுந்த கிளர்ச்சியில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அதற்கென விதிக்கப்பட்ட மரணதண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. மறு ஆண்டே விடுதலை பெற்றார். 1918 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரது சின் பேன் கட்சி அயர்லாந்தின் 105 இடங்களுள் 73 இடங்களை வென்றது. அவ்வுறுப்பினர் இலண்டன் செல்லாது டப்ளினிலே தமக்கெனப் பாராளுமன்றம் அமைத்தனர். 1919 இல் டி வலெரா அதன் தலைவரானார்.

போராட்டத்தின் முடிவில், 1921 டிசம்பர் 6 ஆந் திகதி, மைக்கல் கொலின்ஸ் முதலியோர் இலண்டனில் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். தன்னாட்சி கிடைத்தது, ஆயின் உறுப்பினர் ஜோர்ஜ் மன்னருக்கு உண்மையுடையராதலைக் கூறிப் பிரமாணஞ் செய்தல் வேண்டும். முழு விடுதலைக்கு இஃதொரு படியென்றார் கொலின்ஸ். குடியரசுக்கு உறுதி கூறிய நாவால் மன்னருக்கும் உறுதி கூறலாகாது என்றார் டி வலெரா. 64 க்கு 57 என்னும் வாக்குகளால் ஒப்பந்தம் நிறைவேறிற்று. அவர் பதவி துறந்தார். 1922 ஜூன் முதல் 1923 மே வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. கொலின்ஸ் தம் முப்பத்தோராம் வயதிற் சுடப்பட்டு இறந்தார். புதிய அரசு எழுபதுக்கு மேற்பட்ட பழந் தோழரை மரணதண்டனைக்கு உள்ளாக்கியது.

1926 இல் டி வலெரா புதுக்கட்சி கண்டார். 1927 ஆகஸ்டில், வேதநூலை ஒதுக்கிவைத்து, பிரமாணஞ் செய்கிலேன் என உரைத்து, ஏட்டில் மட்டும் பெயரெழுதிச் சபை புகுந்தார். 1932 இல் ஆட்சி அவர் கைக்கு வந்தது. 1933 இல் ஒரு சட்டத்தால் அப்பிரமாணம் நீக்கப்பட்டது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. அதற்கு வழி திறந்த 1931 ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் உருவாதற்கு உழைத்தவருள், அவர் எதிர்த்து நின்ற அயர்லாந்து அமைச்சரும் இருந்தனர். கொலின்ஸ் சுட்டிய படியிலேயே டி வலெரா ஏறினார் என்பது இதனாற் பெறப்படும்.

அவர் சார்பிலும் கூறத்தக்கது உண்டு. உடன்படாவிடிற் போர் என்னும் அச்சுறுத்தலின் கீழ்ப் பெறப்பட்டது அவ்வொப்பந்தம். அப்படி தாங்கும் என்பதை அன்று அறிந்தவர் யார்? மேலும், போரில் தோற்றோரை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தவர் அவர். வென்றோர் பத்தாண்டுக்குள் தோற்றோரிடம் அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தமை உலகிற் பலகாலும் காணக்கிடைப்பதன்று. அவர் ஆக்குவித்த 1937 ஆம் ஆண்டு அரசியலமைப்பு, தம் இருபத்தாறாம் வயதளவிற் கற்கத் தொடங்கிய அம்மொழியை முதல் ஆட்சிமொழியாக்கிற்று. 1959 முதல் 1973 வரை சனாதிபதியாய் இருந்து, 1975 இல் 92 வயதில் மறைந்தார்.

எனது துணிபு இது: 1927 இல் அவர் செய்ததே தக்கது, 1922 இல் அதனைச் செய்யாமையே குறை. சொல்லுக்குப் பொருளுண்டு என்பது மெய். மன்றத்தினுள் இருந்து சொல்லை மாற்றுதல் கூடும். மாண்டாரை மீட்டல் எச்சட்டத்தாலுங் கூடாது.