தீவுகளை நாடும் உல்லாசப் பயணிகள் – விடய ஆய்வு: மாலைதீவு

நெடுந்தொலைவிலுள்ள அயனமண்டலத் தீவுகளுக்கு மக்கள் பெரும்பாலும் மூன்று நோக்கங்களுக்காகச் செல்கின்றனர். இயற்கையைக் காணல், பண்பாட்டை அறிதல், ஓய்வு பெறல் என்பனவே அவையாகும். இம்மூன்றையும் ஒருங்கே வழங்கும் நாடுகளுள் எமது அயல்நாடாகிய மாலைதீவு முக்கியமானது. 1972இல் ஏறத்தாழ ஆயிரம் பயணிகள் மட்டுமே வந்த இந்நாட்டிற்கு 2024இல் 20 இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தனர்.

மாணவர்களே, இவ்வளர்ச்சி எதன் மீது நிற்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். மாலைதீவின் நிலம், வெண்மணற் கரை, கரையோரப் பாதுகாப்பு, உல்லாசப் பயண வருமானம் ஆகிய நான்கும் முருகைக்கல் என்ற ஒன்றிலேயே தங்கியுள்ளன. இதனை மனதிற்கொண்டு பின்வரும் பகுதிகளை வாசியுங்கள்.

1. அமைவிடமும் தோற்றமும்

மாலைதீவு இலங்கைக்குத் தென்மேற்கே, இந்து சமுத்திரத்தில், வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்திற்குப் பரந்துள்ளது. இதன் தென்முனைத் தீவுகள் மத்தியகோட்டிற்குத் தெற்கே அமைந்துள்ளன. ஏறத்தாழ 1190 தீவுகள் இருந்தபோதிலும் மொத்த நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீற்றர் மட்டுமே. சுமார் 200 தீவுகளில் மாத்திரமே உள்ளூர் மக்கள் குடியிருக்கின்றனர்.

இத்தீவுகள் வளைய வடிவில் கூட்டங்கூட்டமாகக் காணப்படுகின்றன. இவ்வகை வளையம் கங்கண முருகைத்தீவு எனப்படும். ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் ‘அற்றோல்’ என்ற சொல் மாலைதீவு மக்களின் திவெஹி மொழியிலிருந்தே பெறப்பட்டது. எரிமலைத் தீவு ஒன்றின் கரையைச் சுற்றி முருகைக்கல் வளர்கின்றது. காலப்போக்கில் எரிமலை கடலினுள் அமிழ, முருகைக்கல் மேல்நோக்கித் தொடர்ந்து வளர்கின்றது. இறுதியில் எரிமலை மறைந்து, நடுவே களப்பும் சுற்றிவர முருகைக்கல் வளையமும் எஞ்சுகின்றன. இவ்விளக்கத்தைச் சாள்ஸ் டார்வின் 1842இல் வெளியிட்ட நூலில் முன்வைத்தார்.

2. இயற்கைக் கவர்ச்சி

முருகைக்கல் என்பது உயிரற்ற பாறையன்று. மிகச் சிறிய கடல்வாழ் விலங்குகள் கல்சியங் காபனேற்றைச் சுரந்து அதனைக் கட்டியெழுப்புகின்றன. அவற்றின் உடலினுள் வாழும் அல்காக்கள் உணவையும் நிறத்தையும் கொடுக்கின்றன. தெளிந்த, ஆழங்குறைந்த, இளஞ்சூடான நீர் இவற்றிற்கு அவசியமாகும். கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கடித்து அரைத்து வெளியேற்றும் துணுக்குகள் வெண்மணலாகின்றன. ஆகவே பயணி காலூன்றி நிற்கும் மணற்கரையும் முருகைக்கல்லின் கொடையே.

பா தீவுக்கூட்டத்திலுள்ள ஹனிபரு குடா இதற்குச் சிறந்த உதாரணமாகும். தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் மிதவையுயிர்கள் இக்குடாவில் திரள்வதால் அவற்றை உண்ண மன்ராத் திருக்கைகளும் திமிங்கிலச் சுறாக்களும் வருகின்றன. இத்தீவுக்கூட்டம் 2011இல் யுனெஸ்கோ உயிர்மண்டல ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. குடாவினுள் காற்றுத்தாங்கியுடன் சுழியோடுதல் தடை செய்யப்பட்டுள்ளது. மேற்பரப்பில் நீந்திப் பார்க்க மாத்திரமே அனுமதியுண்டு. சுறாப் பிடித்தலும் 2010இல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. உயிருள்ள சுறாவைக் காண ஆண்டுதோறும் பயணிகள் வருவர்; பிடித்த சுறாவை ஒரு தடவை மட்டுமே விற்கலாம்.

3. பண்பாட்டுக் கவர்ச்சி

மாலைதீவு வெறுங் கடற்கரை மட்டுமன்று. 1153இல் இந்நாடு இஸ்லாத்தைத் தழுவியது. 14ஆம் நூற்றாண்டில் வந்த பயணி இப்னு பதூதா இங்கு நீதிபதியாகப் பணியாற்றினார். தலைநகர் மாலேயில் 1658இல் கட்டப்பட்ட ஹுகுரு மிஸ்கீ பள்ளிவாசல், செதுக்கிய முருகைக் கற்களை ஒன்றுடன் ஒன்று பொருத்தி அமைக்கப்பட்டதாகும். பொடுபெரு எனும் பெருமேள இசை இன்றும் தீவுகளில் ஒலிக்கின்றது.

எமக்கும் மாலைதீவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. திவெஹி மொழி சிங்கள மொழியுடன் உறவுடையது. அவர்களது பாரம்பரியப் படகு ‘தோனி’ எனப்படும். எமது தோணியை இது நினைவூட்டும். எமது சமையலறையில் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் மாலைதீவுக்குப் பெயர்பெற்ற உணவுப்பொருளே. சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி இது தயாரிக்கப்படுகின்றது.

மக்கள் குடியிருக்கும் தீவுகளுக்குச் செல்லும் பயணிகள் அடக்கமான உடை அணிதல் வேண்டும். அங்கு மதுபானம் தடை செய்யப்பட்டுள்ளது. பண்பாட்டைக் காண வருபவர் அதனை மதிப்பதும் கடமையாகும்.

4. ஓய்வும் விடுதித் தீவுகளும்

முதலாவது உல்லாச விடுதி 1972இல் மாலேக்கு அருகே திறக்கப்பட்டது. அதன் பெயர் ‘குரும்பா’. திவெஹியில் இது இளந்தேங்காயைக் குறிக்கும். அதன் பின்னர் ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற முறை வளர்ந்தது. குடியிருப்பற்ற ஒரு தீவு முழுவதும் ஒரே விடுதிக்குக் குத்தகைக்கு விடப்படும். வாகன இரைச்சலின்மை, தனிமை, அமைதி என்பன பயணிகளைக் கவர்ந்தன.

இம்முறையில் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. பயணிகளின் வாழ்க்கைமுறை உள்ளூர்ப் பண்பாட்டுடன் மோதவில்லை. ஆனால் சாதாரண குடும்பங்களுக்கு நேரடி வருமானம் குறைவாகவே கிடைத்தது. 2009இன் பின்னர் குடியிருப்புத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்தது. மாபுஷி போன்ற தீவுகளில் படகோட்டிகளும் கடைக்காரர்களும் வீட்டுரிமையாளர்களும் இதனால் வருமானம் பெறுகின்றனர். அதேவேளை கழிவும் நீர்த்தேவையும் அத்தீவுகளில் அதிகரித்துள்ளன.

5. எதிர்நோக்கும் பிரச்சினைகள்

அ. முருகைக்கல் வெளிறல்: கடல்நீரின் வெப்பநிலை வழமையை விட உயர்ந்து பல வாரங்கள் நீடித்தால், அல்காக்கள் வெளியேற முருகைக்கல் வெண்மையாகிப் பட்டினியால் இறக்கின்றது. 1998இலும் 2016இலும் மாலைதீவு இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது.

ஆ. கடல்மட்ட உயர்வு: பெரும்பாலான நிலம் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீற்றர்கூட உயரமற்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் 80இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இ. நன்னீர்: மழைநீர் நிலத்தடியில் உவர்நீரின் மேல் மெல்லிய வில்லை போல் மிதக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லிலும் இதே நிலை உண்டு. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். மாலே நகரம் கடல்நீரைச் சுத்திகரித்தே பருகுகின்றது. 2014 டிசம்பரில் அச்சுத்திகரிப்பு நிலையம் தீப்பற்றியபோது இந்தியா நீர் அனுப்பி உதவியது.

ஈ. கழிவு: மாலேக்கு அருகேயுள்ள திலபுஷி 1992 தொடக்கம் கழிவு கொட்டி நிரப்பப்பட்ட தீவாகும்.

உ. ஒரே துறையில் தங்கியிருத்தல்: கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச் மாத இறுதியிலிருந்து யூலை நடுப்பகுதிவரை எல்லைகள் மூடப்பட்டன. 2019இல் 17 இலட்சமாக இருந்த வருகை அவ்வாண்டில் ஏறத்தாழ 5½ இலட்சமாக வீழ்ந்தது. அத்துடன் உணவும் எரிபொருளும் இறக்குமதி செய்யப்படுவதால் ஈட்டிய அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி மீண்டும் வெளியே செல்கின்றது.

6. பயணியின் பொறுப்பு

பூகோள வெப்பமடைதலை ஒரு தனிப் பயணியால் நிறுத்த முடியாது. ஆயினும் வெப்பத்தால் நலிந்த முருகைக்கல் மீண்டும் வளர்வதற்கு இடமளிப்பது அவரால் இயலும். முருகைக்கல்லின் மீது காலூன்றாதிருத்தல், சிப்பிகளையும் கற்துண்டுகளையும் எடுத்துச் செல்லாதிருத்தல், பிளாஸ்ரிக் பொருட்களைத் தவிர்த்தல், நன்னீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தல், உள்ளூரவரிடம் பொருட்களை வாங்குதல் என்பன எளிய வழிகளாகும். 2015 நவம்பர் முதல் அரசாங்கம் பயணிகளிடம் பசுமை வரியும் அறவிடுகின்றது.

மாதிரி வினா

“மாலைதீவின் உல்லாசப் பயணத்துறை தனது அடித்தளத்தைத் தானே அழிக்கும் ஆபத்தை எதிர்நோக்குகின்றது.” ஆராய்க.

விடை எழுதும்போது கவனிக்க வேண்டியவை

• “கடல் அழகானது, ஆகவே பயணிகள் வருகின்றனர்” என்பது விபரணம் மட்டுமே. காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்துங்கள்: முருகைக்கல் இறத்தல் → அலைத்தடுப்பு நலிதல் → மணற்கரை அரித்தல் → பயணிகள் குறைதல் → வருமானம் வீழ்தல்.

• ‘ஆராய்க’ என்ற சொல் இரு பக்கங்களையும் கேட்கின்றது. சுறாப் பாதுகாப்பு, ஹனிபரு குடாக் கட்டுப்பாடு போன்றவை அடித்தளத்தைக் காக்கும் முயற்சிகளாகும். இவற்றையும் குறிப்பிடுக.

• ஆபத்து முழுவதும் பயணிகளால் மட்டும் வருவதன்று. கடல்நீர் வெப்பமடைதலுக்கு உலக நாடுகள் யாவும் பொறுப்புடையன. இவ்வேறுபாட்டை முடிவுரையில் எழுதினால் விடை முழுமை பெறும்.

• ஹிக்கடுவ, புறாத்தீவு ஆகிய இடங்களிலும் முருகைக்கற் பார்கள் உள்ளன. மாலைதீவுக்குக் கூறியவற்றுள் எவை இவற்றுக்கும் பொருந்தும் என நண்பர்களுடன் கலந்துரையாடுங்கள்.