புளி தட்டும் மாலை... குடும்பம் கூடும் வாசல்!

சித்திரை பிறந்துவிட்டால், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிக் கிராமங்களில் வீட்டு வாசல்தான் களம். மாசியில் தொடங்கிய புளி உலுக்கல் முடிந்து, வெயிலில் காய்ந்த புளி சாக்குகளில் திண்ணைக்கு வந்திருக்கும். கிணற்றில் தண்ணீர் இருக்காது. நிலத்தில் வேலையும் இருக்காது. பிள்ளைகளைத் தாத்தா, பாட்டியிடம் விட்டுவிட்டு ஓசூர், பெங்களூரு, திருப்பூர் எனப் பிழைக்கப் போகும் இளம் தம்பதிகள் ஒருபுறம். ஒரு கறவை மாடு, நாலு ஆடு, வரப்போரம் இரண்டு புளிய மரங்களை நம்பி ஊரிலேயே கோடையைத் தள்ளும் குடும்பங்கள் மறுபுறம். ஊரில் தங்கும் இவர்களுக்குக் கோடை தரும் பெரிய வரவு, எல்லோரும் ஒன்றாக உட்காரும் மாலை நேரம்தான்.

கையோடு வேலை, வாயோடு பேச்சு

சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுக் கணவர் திரும்பும்போது, மனைவி வாசலைக் கூட்டி நீர் தெளித்து முடித்திருப்பார். வேப்ப மரத்தடியில் சாக்கு விரியும். ஒருவர் கட்டையால் ஓட்டைத் தட்ட, இன்னொருவர் நாரை உருவிக் கொட்டையை எடுப்பார். மூத்த பிள்ளை கொட்டைகளைப் பொறுக்கிக் கூடையில் போடும். இளையது, ஒருபக்கம் தேய்த்த புளியங்கொட்டையைத் தாயக்கட்டையாக உருட்டிக்கொண்டிருக்கும். இடையில் ஆளுக்கொரு சொம்பு மோர். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம்.

குடும்பத்தின் கணக்கு வழக்கெல்லாம் இங்கேதான் பேசப்படும். எந்த ஆட்டை விற்பது, ஆடிப்பட்டத்துக்குக் கடலை விதை எவ்வளவு வைப்பது, நகைக்கடனுக்கு எப்போது வட்டி கட்டுவது என எல்லாம் பிள்ளைகள் காதிலும் விழும். 'வீட்டில் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள்தான் நடத்த வேண்டும்' என்பதை யாரும் பாடமாகச் சொல்லாமலே அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். ஆளுக்கொரு செல்போனோடு மூலைக்கொருவராக உட்கார்ந்தால் இது நடக்காது.

உழைப்புக்குக் கூலி உண்டு

ஓட்டோடு விற்பதைவிட, ஓடும் நாரும் கொட்டையும் நீக்கிய புளிக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை கிடைக்கும். வெளியாள் வைத்துத் தட்டினால் அந்தக் கூடுதல் தொகையில் பெரும்பகுதி கூலிக்கே போய்விடும். குடும்பமே உட்கார்ந்து தட்டினால் அது வீட்டிலேயே தங்கும். கொட்டையும் வீணில்லை. துணிக்கும் சணலுக்கும் கஞ்சிப் பசை தயாரிக்க அது விலைபோகிறது. ஓடு, அடுப்புக்கு ஆகும். வீட்டுத் தேவைக்கு வைக்கும் புளியில் கல் உப்பைக் கலந்து, ஈரம் படாமல் பானையில் அழுத்தி வைக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் புளி கறுத்துவிடும்.

மண் வாசலை விட்டுவிடாதீர்கள்

கையில் காசு வந்ததும் வாசல் முழுக்க சிமென்ட் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மழைக்காலத்துச் சேற்றுக்கு அது வசதிதான். ஆனால், பகல் முழுக்க வாங்கிய சூட்டை சிமென்ட் தரை இரவில் நெடுநேரம் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மண் தரையில் தெளித்த நீர், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நடைபாதைக்கு மட்டும் சிமென்ட் போட்டு, மரத்தடியை மண்ணாகவே விட்டுவைத்தால் மரத்தின் வேருக்கும் மழைநீர் இறங்கும். நிழல் இல்லாத வாசலில் வரும் மழைக்காலத்தில் ஒரு வேம்போ, புங்கனோ நடலாம்.

இருட்டிய பிறகு கவனம்

வெக்கைக்கு வாசலிலேயே படுத்துவிடும் வீடுகளில் பாம்பு பயம் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடித்தாலும் பெரிதாக வலி தெரியாது. அதனால் தரையில் படுக்காமல் கயிற்றுக் கட்டிலில் படுத்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்வது நல்லது. விறகுக் குவியலையும் வைக்கோல் போரையும் வாசலை விட்டுத் தள்ளி வையுங்கள். எலி சேரும் இடத்துக்குப் பாம்பும் வரும். இருட்டில் கொட்டகைக்குப் போகும்போது டார்ச் லைட்டும் செருப்பும் கட்டாயம்.

பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவதோ, கீறிவிடுவதோ கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸை அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசமாகவே போடப்படுகிறது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டு, பை, செருப்பு எனச் செலவு வரிசைகட்டி நிற்கும். புளி விற்ற பணத்தில் அதற்கென ஒரு பங்கை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். அது தாங்களும் சேர்ந்து சம்பாதித்த பணம் என்பது பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும்.