கார் விதைக்கலாமா? வானிலைச் செய்தியைப் படிக்கும் முறை

ஆண்டுதோறும் ஏப்ரல் மாத நடுவில் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது. வரப்போகும் தென்மேற்குப் பருவமழை நாடு முழுவதிலும் எவ்வளவு பெய்யக்கூடும் என்பதே அந்த அறிவிப்பு. "இவ்வாண்டு பருவமழை இயல்பான அளவில் இருக்கும்" என்று வானொலி சொல்கிறது. மறுநாள் நாளிதழ்களில் அச்செய்தி கொட்டை எழுத்தில் வருகிறது.

திருநெல்வேலிக்கு மேற்கே, அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் உள்ள ஊர் பத்தமடை. கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற இவ்வூரில் ஒரு விவசாயி இச்செய்தியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அவருக்கு இரண்டு ஏக்கர் நன்செய் உண்டு. 'இயல்பான மழை' என்பதை நம்பி, அவர் கார் சாகுபடிக்கு விதைநெல்லும் உரமும் வாங்கிவிடலாமா?

இச்செய்தியை மட்டும் நம்பி வாங்குவது சரியாகாது. செய்தி தவறு என்பது இதன் பொருளன்று. அது அவருடைய கேள்விக்கு விடை அன்று என்பதே பொருள். எந்த இடத்து மழை, எத்தனை நாளைக்கு முன், எந்த வேலைக்காக என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால்தான் வானிலைச் செய்தி பயன் தரும். எப்படி என்று காண்போம்.

இரண்டு மழை, ஒரே ஆறு

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் நெல்லுக்கு இரண்டு போகம் உண்டு. ஜூன் மாதம் தொடங்குவது கார். அக்டோபர் வாக்கில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாவது பிசானம். கார் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. பிசானம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது.

ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் பத்தமடையில் நின்று பார்த்தால் மழை என்று சொல்லத்தக்க அளவுக்கு ஒன்றும் பெய்வதில்லை. காற்றுதான் வீசுகிறது. காரணம் என்ன? அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியையும் தாங்க முடியாது. அது மழையாக மலையிலேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது, வறண்டும் போகிறது. ஆகவே பத்தமடை வயலுக்குக் கிடைப்பது மழையன்று, மலையில் பெய்த மழைநீர். அது பாபநாசம் அணையில் தேங்கி, ஆற்றில் இறங்கி, கன்னடியன் அணைக்கட்டில் திரும்பிக் கால்வாய் வழியே வந்து சேருகிறது.

அக்டோபருக்குப் பின் கதை மாறுகிறது. அப்போது காற்று வங்கக் கடலிலிருந்து வருகிறது. மழை வயலிலும் பெய்கிறது; பொதிகை மலையின் கிழக்குச் சரிவிலும் பெய்கிறது. இப்படி இரு பருவத்திலும் மலையில் மழை பெறுவதால்தான் தாமிரபரணியை வற்றாத நதி என்கிறோம்.

எனவே கார் சாகுபடி செய்பவர் பார்க்க வேண்டியது தம் தலைக்கு மேலுள்ள வானத்தை அன்று. பொதிகை மலையையும் அணையின் நீர்மட்டத்தையும்தான். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி. நாள்தோறும் செய்தித்தாளில் வரும் அந்த ஒரு வரி, கார் விவசாயிக்கு ஒரு வானிலை அறிக்கையே ஆகும்.

தேதி தவறினால் என்ன நட்டம்?

வழக்கமாகக் கார் சாகுபடிக்கு ஜூன் முதல் தேதியை ஒட்டி அணை திறக்கப்படுகிறது. வடக்கு, தெற்குக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்னும் கால்வாய்களுக்கு நீர் விடப்படுகிறது. இவற்றுள் பெரியது கன்னடியன். ஏறத்தாழ 12,500 ஏக்கர் அதன் கீழ்ப் பாசனம் பெறுகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 என்னும் குறுகிய கால நெல் ஏறக்குறைய 110 நாளில் விளைவது. ஜூன் 1இல் நீர் வந்து அன்றே நாற்றங்காலில் விதைத்தால், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் அறுக்கலாம். வயலும் களமும் காய்ந்திருக்கும் காலம் அது.

மலையில் மழை பிந்தி, அணை ஜூலை 10இல்தான் திறக்கப்படுகிறது என்று கொள்வோம். அறுவடை அக்டோபர் 28க்குத் தள்ளிப் போகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20ஐ ஒட்டி வருகிறது. முற்றிய கதிர் மழையில் சாயும், வயலிலேயே முளைவிடும், வைக்கோலும் அழுகும். அது மட்டுமன்று. கார் பிந்தினால் பிசானமும் பிந்தும். பிந்திய பிசானம் பால் பிடிக்கும் காலத்தில் அணையில் நீர் குறைந்துவிடும். ஆக, நாற்பது நாள் தாமதம் ஒரு போகத்தோடு நிற்பதில்லை. இரண்டு போகத்தையும் தொட்டுவிடுகிறது. கார் விதைப்பதா, அல்லது பொறுத்திருந்து பிசானத்தை முன்கூட்டியே தொடங்குவதா என்பது இதனால்தான் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே தீர்மானிக்கும் கேள்வியாகிறது.

நாட்டின் சராசரியும் நம் ஊரும்

ஏப்ரல் மாத அறிவிப்புக்குத் திரும்புவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதிலும் பெய்யும் மழையின் நீண்ட காலச் சராசரி 87 சென்டிமீட்டர். இதில் 96 முதல் 104 விழுக்காடு வரை பெய்தால் அதற்கு 'இயல்பு' என்று பெயர். ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் 60 என்றால், கடைசி வரிசை மாணவன் தேறிவிட்டான் என்று சொல்ல முடியுமா? அதுபோலவே, நாட்டின் சராசரி இயல்பாக இருந்தாலும் பொதிகையில் மழை குறையலாம். நாட்டில் குறைந்தாலும் பொதிகையில் கொட்டலாம்.

இவ்வறிவிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின், மழையை முன்கூட்டி அறிய வேண்டிய அவசியத்தை அரசாங்கம் உணர்ந்தது. 1875இல் தொடங்கப்பட்ட வானிலைத் துறையின் முதல் தலைவரான பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனியின் அளவுக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்பு கண்டார். 1886இல் முறையான பருவ முன்னறிவிப்பு தொடங்கியது. பின்னர் 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடல் பகுதியிலும் இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் காற்றழுத்தம் துலாக்கோல் போல மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். இன்று நாம் கேள்விப்படும் எல் நினோ இதனோடு பின்னிப் பிணைந்தது.

ஒரு செய்தி, இரு பொருள்

பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் நிலநடுக்கோட்டையொட்டிய நீர் வழக்கத்தைவிடச் சூடாவதே எல் நினோ. காற்று நாளுக்கு நாள் மாறும். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறும். ஆகவேதான் நாளைய வானத்தைப் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் முன்கூட்டிச் சொல்ல இயலாவிட்டாலும், ஒரு பருவத்தின் போக்கை ஓரளவு முன்னதாகச் சொல்ல முடிகிறது.

எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறையும் வாய்ப்பு அதிகம். ஆனால் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பே மிகுதி! ஆகவே வடநாட்டு விவசாயிக்குக் கெட்ட செய்தியாகத் தோன்றும் ஒன்று, பத்தமடை விவசாயிக்குக் காருக்கு எச்சரிக்கையாகவும் பிசானத்துக்கு நம்பிக்கையாகவும் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2015ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை நாட்டில் 86 விழுக்காடுதான். அதே ஆண்டு இறுதியில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது.

ஆனால் இது வாய்ப்பே தவிர விதி அன்று. 1997இல் வலிய எல் நினோ இருந்தும் நாட்டில் பருவமழை குறையவில்லை. எல் நினோவுக்கு எதிரான நிலைக்கு லா நினா என்று பெயர். 2016இன் இறுதியில் லேசான லா நினா நிலவியது. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. 2021இலும் லா நினாதான். அவ்வாண்டு இயல்பைவிட மிக அதிகமாகவே பெய்தது. பருவ முன்னறிவிப்பை ஒரே முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ளாமல், செலவைப் பங்கிட்டுக்கொள்ளப் பயன்படுத்துவதே அறிவுடைமை. எடுத்துக்காட்டாக, ஐயமான ஆண்டில் இரண்டு ஏக்கரிலும் கார் நெல் போடாமல், ஓர் ஏக்கரில் குறைந்த நீரில் விளையும் உளுந்து போடலாம்.

வாரத்தில் இரு நாள்

பயிர் வயலில் நின்றபின் தேவைப்படுவது வேறு வகைச் செய்தி. 1945இலேயே உழவர்களுக்கான வானிலை அறிக்கை வானொலியில் தொடங்கிவிட்டது. 1976 முதல் மாநில வேளாண்மைத் துறைகளோடு சேர்ந்து பயிர் ஆலோசனையும் தரப்படுகிறது. இப்போது செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் அடுத்த ஐந்து நாளுக்கான முன்னறிவிப்பும் ஆலோசனையும் வெளிவருகின்றன. தென் மாவட்டங்களுக்கான இப்பணியில் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் ஈடுபட்டுள்ளது. 'மேகதூத்' என்னும் கைப்பேசிச் செயலியிலும் இதைக் காணலாம்.

மழை, வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, மேக மூட்டம் ஆகியவை அதில் உண்டு. இவற்றை வயல் வேலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பலத்த மழை வருமென்றால் யூரியா மேலுரம் இடக்கூடாது. வரப்பு வழிந்தோடும் நீரோடு தழைச்சத்தும் போய்விடும். மருந்து தெளித்த சில மணி நேரத்தில் மழை பெய்தால் மருந்து கழுவப்பட்டுவிடும். மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரும் காற்றில் மிகுந்த ஈரமும் இலையில் நீங்காத பனியும் சேர்ந்தால், பிசான நெல்லில் குலை நோய் பரவ ஏற்ற சூழ்நிலை. அப்போது தழைச்சத்தைக் குறைத்து, பயிரை அன்றாடம் பார்க்க வேண்டும். பலத்த காற்று என்றால் குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

'மழைக்கு 40 விழுக்காடு வாய்ப்பு' என்றால் என்ன பொருள்? அவ்வாறு சொல்லப்பட்ட பத்து நாள்களில் ஏறக்குறைய நான்கில் மழை பெய்யும் என்பதே. மேலுரம் இடுவதை இரண்டு நாள் ஒத்திவைத்தால் பெரிய நட்டமில்லை, ஒத்திவைக்கலாம். களத்தில் அறுத்த நெல் கிடந்தால், 40 அன்று, 20 விழுக்காடு வாய்ப்பு என்றாலும் தார்ப்பாயைத் தயாராக வைக்க வேண்டும். முன்னறிவிப்பு ஒன்றே, வேலைக்கேற்ப முடிவு மாறுகிறது.

ஊருக்கு ஊர் முன்னறிவிப்பு பிசகுவதேன் என்றும் கேட்கலாம். கணிப்பொறி வளிமண்டலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. அண்மைக் காலம் வரை ஒரு கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய முறையில் 6 கிலோமீட்டர். மலைச்சரிவும் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், இரண்டுக்கும் சேர்த்து ஒரு சராசரியே கிடைக்கும். கட்டம் சிறிதாகச் சிறிதாக மலையும் வயலும் தனித்தனியே தெரியத் தொடங்கும்.

சொற்களுக்கும் அளவு உண்டு

வானிலை அறிக்கையின் சொற்கள் பொதுவாகச் சொல்லப்படுபவை அல்ல. 'ஓரிரு இடங்களில்' என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவை. 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேற்பட்டவை. 'கன மழை' என்பது ஒரே நாளில் 6.5 சென்டிமீட்டரை ஒட்டித் தொடங்குகிறது. 'மிகக் கன மழை' 11.6இல், 'அதி கன மழை' 20.5இல்.

இந்தக் கடைசிச் சொல்லுக்கு மேல் எல்லை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி முதல் கடலோரம் வரை ஊர்களும் வயல்களும் மூழ்கின. 21 சென்டிமீட்டரும் அதி கன மழை. 95 சென்டிமீட்டரும் அதி கன மழை! எச்சரிக்கை முன்கூட்டிக் கிடைத்ததா என்ற விவாதமும் அப்போது எழுந்தது. 'மழை வரும்' என்பதைச் சொல்வதைவிட 'எவ்வளவு' என்பதைச் சொல்வது கடினம் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம். ஆகவே சிவப்பு எச்சரிக்கை என்றால் அளவை எண்ணிக்கொண்டிராமல், ஆற்றோரத்திலிருந்து மாட்டையும் மோட்டாரையும் மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும்.

நீங்களே அளக்கலாம்

மாணவர்கள் இதில் பெரிதும் உதவ முடியும். அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள தகர டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர். பக்கத்தில் மூன்று பத்திகள் போட்டு, முன்னறிவிப்பு, உங்கள் ஊர் மழை, பாபநாசம் அணை மட்டம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள்.

இரண்டு மூன்று ஆண்டு இவ்வாறு எழுதினால், முன்னறிவிப்பு உங்கள் ஊரில் எப்போது பலிக்கிறது, எப்போது பிசகுகிறது என்பது அந்த நோட்டுப் புத்தகத்திலேயே தெரியும். அடுத்த ஏப்ரலில் 'இயல்பான மழை' என்ற செய்தி வரும்போது, கார் விதைக்கலாமா என்று கேட்கும் தந்தையாருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம்.