சதமடித்த ஊர்களும் தப்பித்த ஊர்களும்

கோடை பிறந்தால் எந்தெந்த ஊரில் வெயில் சதமடித்தது என்ற பட்டியல் நாளிதழ்களில் வந்துவிடும். வேலூர், கரூர், ஈரோடு, மதுரை என உள்மாவட்டப் பெயர்கள்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, ‘நம்ம ஊர் பரவாயில்லை’ என்று ஆறுதல் அடைகிறார்கள். அந்த ஆறுதலுக்கு ஆதாரம் போதாது.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ஜாகோபாபாத்துக்கு 50 டிகிரி செல்சியஸ் புதிதல்ல. அதே மாகாணத்தின் கடலோர நகரம் கராச்சி. 2015 ஜூனில் அங்கே பதிவான உச்சம் 45 டிகிரிக்கும் சற்றுக் குறைவுதான். ஆனாலும் சில நாள்களில் 1,200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அரபிக்கடலில் உருவான தாழ்வழுத்தத்தால் வழக்கமான கடற்காற்று நின்றுபோனது. ஈரப்பதமோ குறையவில்லை. மின்வெட்டு வேறு; ரமலான் நோன்பு மாதம் வேறு. பிணவறைகளில் இடமில்லாமல் போயிற்று.

நம்மைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, அது ஆவியாவது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மண்டியிருந்தால் வியர்வை சொட்டுமே தவிர உலராது. இந்த நிலையை அளக்க, வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைப்பார்கள். அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. 45 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 10 சதவீதம் என்றால், அந்த அளவு 21 அல்லது 22தான். வெயில் வெறும் 36, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் 30ஐத் தொட்டுவிடும். ஈரக்குமிழ் 35க்கு மேல் சில மணி நேரம் நீடித்தால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளும் தாக்குப்பிடிக்க முடியாது என்று 2010இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆரோக்கியமான இளைஞர்களையே வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் 31ஐ ஒட்டியே உடற்சூடு கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு அவ்வளவுகூடத் தாங்காது.

நாக்பூரில் மே மாதத்தை ஓட்டிவிட ஏர்கூலர் போதும். அங்கே வறண்ட காற்று தண்ணீரைக் குடித்துக் குளிர்கிறது. சென்னையில் அதையே ஜன்னல் மூடிய அறையில் ஓடவிட்டால் புழுக்கம்தான் கூடும். ஆனாலும் தள்ளுபடி என்றதும் வாங்கி வந்துவிடுகிறோம்!

இதனால் வறண்ட சூடு தீங்கற்றது என்றாகிவிடாது. அங்கே வியர்த்ததே தெரியாமல் உடம்பின் நீர் வற்றிவிடும். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2023இல் தொடர்ந்து 31 நாள்கள் பகலின் உச்ச வெயில் 43 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. அவற்றுக்கு நடுவே அடுத்தடுத்து 16 இரவுகளில் குறைந்தபட்ச வெப்பநிலையே 32க்கு மேல். பகலில் ஏறிய சூட்டை இறக்க உடம்புக்கு இரவு கிடைக்கவில்லை. வீட்டுக்கு வீடு ஏசி உள்ள அந்த நகரம் அடங்கிய மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தோடு தொடர்புடைய மரணங்கள் 600ஐத் தாண்டின.

குளிருக்குப் பழகிய ஊர்களின் கதை வேறு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021 ஜூன் கடைசி வாரத்தில் 619 பேரை வெப்பம் கொன்றது. அவர்களில் 98 சதவீதம் பேர் கட்டடங்களுக்குள்தான் இறந்தார்கள். குளிருக்காகக் கட்டிய வீடு சூட்டையும் வெளியே விடவில்லை.

நம் வானிலைத் துறை வெப்ப அலைக்குச் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி என்று வேறு வேறு வரம்பு வைத்திருப்பது காரணத்தோடுதான். சென்னையும் கடற்காற்றை நம்பியிருக்கும் ஊர். அது தாமதமாகும் நாளில் வெயில் சட்டென எகிறும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கம் 45 டிகிரியைக் கண்டது.

ஆகவே செல்போனில் வானிலை பார்க்கும்போது உச்ச வெப்பநிலையோடு விட்டுவிடாமல் ஈரப்பதத்தையும் இரவின் குறைந்த அளவையும் பாருங்கள். 40 டிகிரிக்கு மேல் மின்விசிறி உடம்பைச் சுடவைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. புழுக்கத்தில் ஒருவர் பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால், வியர்வை இருக்கிறதே என்று அசட்டையாக விடக் கூடாது. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள்.