ரேகை விழாததற்கு விரல்தான் காரணமா?

நவம்பர் பிறந்தால் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் பொன்மலை, திருவெறும்பூர்ப் பக்கங்களிலும் உள்ள கணினி மையங்களில் ஓய்வூதியர் கூட்டம் சேர்ந்துவிடும். ரயில்வேயிலும் மற்ற மத்திய அரசுத் துறைகளிலும் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர்கள், உயிரோடு இருப்பதைக் கைரேகை வைத்து உறுதிசெய்யும் மாதம் அது. 2014 நவம்பரில் தொடங்கிய ‘ஜீவன் பிரமாண்’ திட்டம் இதற்கு வழிசெய்தது. அங்கே அடிக்கடி கேட்கும் சொல், “ரேகை விழலை, கை தேஞ்சு போச்சு.” வயதானால் ரேகை தேய்வது உண்மைதான். ஆனால் கருவி பேசாத இடத்திலெல்லாம் விரலைக் குற்றம் சொல்வது, காரணத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதுவதாகும்.

ரேகை எடுக்கும் கணினியில் இரண்டு மென்பொருள்கள் ஓடுகின்றன. ஆதார் எண்ணையும் ஓய்வூதிய விவரத்தையும் வாங்குவது ஒன்று. கருவியை இயக்கி, ரேகையைப் பூட்டிய வடிவில் தருவது ‘ஆர்டி சர்வீஸ்’ என்ற இன்னொன்று. முதலாவது, 127.0.0.1 என்ற கணினியின் உள்முகவரியில் 11100 முதல் 11120 வரை உள்ள போர்ட்களில் இரண்டாவதைத் தேடும். பதில் வந்தால்தான் ‘ரேகை எடு’ என்ற கட்டளை கருவிக்குப் போகும். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சர்வீஸ் நின்றுபோயிருக்கலாம். ஆன்டிவைரஸ் அந்தப் போர்ட்டை அடைத்திருக்கலாம். இரண்டு கம்பெனிகளின் ஆர்டி சர்வீஸ் ஒன்றோடொன்று மோதலாம். கருவியின் ஆண்டுச் சந்தா முடிந்திருக்கலாம். இவை எதிலும் பெரியவரின் விரலுக்குப் பங்கில்லை.

இரண்டையும் ஒரே மென்பொருளாக்கினால் தொல்லை தீருமே என்று கேட்கலாம். பிரித்ததே பாதுகாப்புக்காகத்தான். ரேகை, கருவியின் பக்கமே பூட்டப்பட்டு வெளியே வருவதால் கடையின் மென்பொருள் அதைப் படித்துச் சேமிக்க முடியாது. அந்தத் தடுப்பை ஏற்றுக்கொண்டால், நடுவில் வரும் பேச்சுத் தடங்கலையும் ஏற்றுக்கொண்டு சரிசெய்யத்தான் வேண்டும்.

வரிசை நிற்கும்போது இதையெல்லாம் பார்க்க நேரமேது என்பார் மைய ஊழியர். சர்வீஸை மறுபடி தொடங்குவதும், கருவியைக் கழற்றி மாட்டுவதும், சந்தாவைப் பார்ப்பதும் சில நிமிட வேலை. முதியவர்களுக்கு இந்த நுட்பம் புரியாது என்பது அடுத்த மறுப்பு. புரிய வேண்டிய அவசியமே இல்லை, திரையில் வந்த எண்ணைக் கேட்டால் போதும். 720 என்றால் கருவி தயாராக இல்லை. ரேகை இன்னும் எடுக்கப்படவே இல்லை. 300 என்றால் ரேகை ஆதார் ஆணையம் வரை போய், அங்கே பொருந்தவில்லை. 330 என்றால் பயோமெட்ரிக்கை உரியவரே பூட்டி வைத்திருக்கிறார். அதைத் திறந்தால் வேலை முடியும். சந்தேகம் தீராவிட்டால் ‘மை ஆதார்’ தளத்தில் கடந்த ஆறு மாதச் சரிபார்ப்பு விவரம் கிடைக்கும். தோற்ற முயற்சியும் அதில் பதிவாகும். அந்த நாளில் பதிவே இல்லையென்றால் கோரிக்கை அங்கே போய்ச் சேரவே இல்லை. விரல் மீதான பழியைத் துடைக்க இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

ஆபத்தும் இந்தப் பேச்சுத் தடங்கலின் நேரத்தில்தான் நுழைகிறது. ஆன்டிவைரஸை முழுதாக அணைத்துவிடுவது, போனில் வரும் ‘சப்போர்ட்’ ஆளிடம் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கக் கொடுப்பது, ஏன் என்று சொல்லாமல் பத்து விரலையும் திரும்பத் திரும்ப வைக்கச் சொல்வது ஆகியவற்றை மறுக்க ஓய்வூதியருக்கு முழு உரிமை உண்டு. பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

ரேகை உண்மையிலேயே பொருந்தாவிட்டாலும் ஓய்வூதியம் நிற்க வேண்டியதில்லை. அரசு ஊழியரின் ஓய்வூதியம் அவர் உழைத்துப் பெற்ற உரிமை, மானியம் போன்றதல்ல என்று 2018 செப்டம்பர் 26-இல் ஆதார் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. 2021 மார்ச்சில் வந்த அறிவிக்கை, ஜீவன் பிரமாணுக்கு ஆதார் விருப்பத்தின் பேரில்தான் என்றது. ஓய்வூதியம் வரும் வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் காகிதச் சான்று தரலாம். 2021 நவம்பர் முதல் ஆண்ட்ராய்டு போனில் முகம் காட்டியும் முடிக்கலாம், விரலே தேவையில்லை. நடக்க இயலாதவர் வீட்டுக்கு அஞ்சல்காரரே கருவியோடு வருகிறார். பெல் போன்ற நிறுவனங்களில் வேலைபார்த்து வைப்பு நிதி ஓய்வூதியம் வாங்குபவருக்கு நவம்பர் கெடுவே கிடையாது: எந்த மாதம் கொடுத்தாலும் சான்று ஓராண்டு செல்லும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நவம்பர் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் மையத்துக்காரர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

புகாருக்கு ஆதார் ஆணையத்தின் தொலைபேசி எண் 1947. மத்திய அரசு ஓய்வூதியருக்கு சிபென்கிராம்ஸ் தளம். வைப்பு நிதிக்காரர்களுக்குத் திருச்சி மண்டல அலுவலகம். மையம், தேதி, நேரம், திரையில் வந்த எண் ஆகிய நான்கையும் அங்கேயே குறித்துவாங்கினால் புகாருக்குப் பிடிமானம் இருக்கும். பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்தபிறகும் ஒரு வேலை மிச்சம்: பிபிஓ எனும் ஓய்வூதிய ஆணை எண்ணோ துறையின் பெயரோ தவறாக ஏறியிருந்தால் சான்று பின்னால் நிராகரிக்கப்படும் என்பதால், அந்த இரண்டையும் மையத்தை விட்டுக் கிளம்புமுன் படித்துப் பார்த்துவிட வேண்டும்.